ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்க் கேட்ட மன்னிப்பு

கணவர் இறந்தபின் தூக்கமின்றித் தவித்த என் தங்கையை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திலுள்ள ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனவள் நான்தான். சில வாரங்களில் அவள் அழுதாள்.

"அக்கா, ட்ரீட்மென்ட்டுன்னு சொல்லிக்கினு கண்ட இடத்துல கை வைக்கிறாரு. நான் இனிமே போவமாட்டேன்."

நான் அவருக்கே போன் செய்து கேட்டேன். "மனசு சரியில்லாதவங்க இப்படித்தாம்மா கற்பனை பண்ணிக்குவாங்க" என்றார். நம்பினேன். மறுநாளே ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய், தங்கைக்காக மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.

பிறகு வேறொரு பெண் அவர்மீது புகார் கொடுத்தாள். தைரியம் வந்து தங்கையும் கொடுத்தாள். காவல் நிலையத்தில் அவர் என்னைக் கைகாட்டினார்: "இவங்க அக்காவே மன்னிப்பு கேட்டாங்களே, சார்!"

"சிகிச்சைன்னு அவரு சொன்னாலும், உங்க தங்கச்சி தடுக்காம சும்மாதானே இருந்தாங்கன்னு சொன்னாலும் சட்டம் விடாதும்மா. நீங்க ஏன் மன்னிப்பு கேட்டீங்கன்னு மட்டும் கோர்ட்ல உண்மையைச் சொல்லுங்க" என்றார் எங்கள் வக்கீல்.

கூண்டிலேறிச் சொன்னேன்: "தங்கச்சிய நம்பல. அவரை நம்பினேன்."

வழக்கு நடக்கிறது. இப்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் எதைச் சொன்னாலும், சரிபார்க்க யாருக்கும் போன் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்கிறேன்.

அந்த ஆப்பிளைப் பற்றித் தங்கை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.