கையை மூடும் வாரம்

தம்பி என் கையால் மட்டும்தான் சாப்பிடுவான். துபாயில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் இது பலருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். அப்பா கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் டெக்னீசியன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா நர்ஸ். அவர் மதிய டூட்டிக்குக் கிளம்பிவிட்டால், ஐந்து வயதுத் தம்பிக்குப் பதினொரு வயதான நான்தான் அம்மா. அந்தப் பதவியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அதற்கு ஆபத்து எதிர்வீட்டிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து குடிவந்த யூதக் குடும்பம். அந்த ஆன்ட்டியின் பிள்ளைகள் வெளிநாட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் மாவைப் பிசைந்து, சடை பின்னுவதுபோலப் பின்னி ரொட்டி சுடுவார். முதலில் தம்பி வாசனை பிடித்துக்கொண்டு போனான். அடுத்த வெள்ளிக்கிழமை மாவு பின்னப் போனான். பிறகு வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதையே விட்டுவிட்டான்.

அவர்களுடைய பாஸ்கா பண்டிகை வந்தது. ரொட்டி கூடாது என்றார்கள். இனித் தம்பி அங்கே போகமாட்டான் என்று நினைத்தேன். ஆன்ட்டி உருளைக்கிழங்கும் முட்டையும் பிசைந்து ஊட்டினார். பண்டிகையிலிருந்து ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு தங்களுக்குள் சீர்படுத்திக்கொள்வார்களாம். தம்பிதான் வந்து சொன்னான்.

"அக்கா, திஸ் வீக் அன்பு வீக். ஆன்ட்டி எல்லாம் குடுப்பாங்க. நெக்ஸ்ட் வீக் கையை மூடுற வீக்."

"எதுக்கு மூடணும்?"

"ரொம்பக் குடுத்தா அதுவும் தப்பாம். அப்புறம், மூளைதான் மம்மி டாடி. கோபம், அன்பு எல்லாம் அதோட பேபீஸ். மம்மி டாடி பாத்துக்கலேன்னா பேபீஸ் சண்ட போடும்."

"நம்ம வீட்டுல மம்மி டாடி ரெண்டு பேரும் டூட்டியில இருக்காங்க. வந்து சாப்பிடு."

"அங்கயே சாப்பிட்டேன்."

நான் பிசைந்து வைத்திருந்த சோற்றை நானே தின்றேன்.

அந்த வாரக் கடைசியில் அவனை அழைத்துவரப் போனேன். சோபாவில் அரைத் தூக்கத்தில் கிடந்தவன், நான் எழுப்பியதும் பக்கத்தில் இருந்த ஆன்ட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "மம்மி" என்றான். அன்று இரவு அம்மா காலணியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அம்மா லேசாகச் சிரித்தார்.

"சின்னப் பிள்ளதான, வாயில வந்தத சொல்லுவான்" என்றார். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

அம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. மறுநாள் அம்மா டூட்டிக்குப் போனதும் நானே தட்டினேன். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன்: "தம்பி உங்களை மம்மின்னு கூப்பிட்டது எங்க அம்மாவுக்குத் தெரியும். அவங்க அழுதாங்க."

ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை. தம்பி தட்டினான், 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டான், கடைசியில் உதைத்தான். உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"பாத்தியா, அவங்க அன்பு ஒரு வாரந்தான்" என்றேன். அவன் மறுபடி என் கையால் சாப்பிடத் தொடங்கினான். எனக்குப் பண்டிகை போல இருந்தது.

சில நாள் கழித்து, பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே ஆன்ட்டி இருந்தார்.

"அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட நல்லா சாப்பிடுறான்" என்றேன். அந்த 'எங்கிட்ட'வை வேண்டுமென்றே அழுத்தினேன்.

"நல்லது, நல்லது" என்று தலையாட்டினார். லிஃப்ட் நான்காவது மாடியில் யாருக்காகவோ நின்றது. எங்கள் வீடுகள் ஏழாவதில். அவர் சட்டென்று இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

தன் வீடு எந்த மாடி என்றுகூட மறந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சிரிப்பு. அன்று அம்மாவுக்கு ஓய்வு நாள். அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி இறங்கிப் போனதை நடித்தே காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவிய ஏன் இப்பம் கதவத் தெறக்கதில்ல? நீ ஏதும் சொன்னியாட்டி?"

சொன்னேன். பாராட்டு வரும் என்றுதான் நினைத்தேன். அம்மா அடுப்பை அணைத்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். தொலைக்காட்சி முன்னால் இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நாந்தான், பிள்ளைக்க அம்மா" என்று தமிழிலேயே சொன்னார்.

கதவு திறந்தது. அம்மா தம்பியை ஆன்ட்டியின் கைக்கு நீட்டினார். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து, சம்மதமா என்பதுபோல் நின்றார். அம்மா தலையசைத்த பிறகுதான் வாங்கினார். அப்புறம் இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதார்கள்.

சண்டையே போடாதவர்கள் எதற்கு இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் தம்பியை என்னைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டார்களே என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.