கருப்புக்கு வாசித்த ஜாய்ஸ் டீச்சர்

மிஷன் பள்ளி மியூசிக் டீச்சர் ஜாய்ஸுக்கு ஒரே ஒரு ஆசைதான். சாக்ஸபோனில் தான் சொந்தமாகப் போட்ட ஜாஸை யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். பேராசையா இது? மதுரையில் பேராசைதான்!

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது காதில் விழுந்த ஹாரன்களையும் கண்டக்டர் கூவலையும் குழைத்து உண்டாக்கிய இசை அது. ஓரிடத்தில் கொஞ்சும், அடுத்த இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும் லாரியாய் அலறும். சர்ச்சில் வாசித்தாள், பாஸ்டர் பாதியிலேயே "ஜெபிப்போமாக" என்று கண்ணை மூடிவிட்டார். ஆண்டு விழாவில் மைக்கை அணைத்தார்கள். திருப்பரங்குன்றத்து ரிசப்ஷன் ஒன்றில் மாப்பிள்ளையின் மாமா மேடையேறி, "ஏம்மா, குழல்ல எதுவும் அடைச்சிருக்கா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அட ஆண்டவரே! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை அவளுக்கு.

அங்கேதான் அலங்காநல்லூர்ப் பக்கத்து நல்லகாமன், கை கழுவிய ஈரத்தோடு அவளைத் தேடி வந்தார்.

"டீச்சர், நம்ம காளை கருப்பு வாடிவாசல்ல மைக் சத்தத்துக்கு மிரளுது. வெடி போட்டுப் பாத்தாச்சு, ரேடியோ வச்சுப் பாத்தாச்சு. நீங்க வந்து இதை வாசிங்க. இதுக்குப் பழகிருச்சுன்னா ஒலகத்துல எதுக்கும் மிரளாது!"

கோபப்பட வேண்டிய இடம். அவள் மனசோ துள்ளியது. கட்டிப்போட்ட மாடு எழுந்து போக முடியாதே!

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஸ்கூட்டியில் பறந்தாள். முதல் நாள் கருப்பு தீவனத் தொட்டியை உதைத்து உடைத்தது. "மாட்டுக்குக் கச்சேரியாம்ல!" என்று ஊரே கூடிச் சிரித்தது. ஜாய்ஸுக்குக் கொண்டாட்டம், உதைத்த தாளத்தையும் பிடித்து வாசித்தாள். வாராவாரம் காளை தணிந்தது. அது அடங்கியதும் நல்லகாமன், "போதும் டீச்சர், காப்பி குடிங்க" என்பார். கடைசிப் பகுதிக்கு அவள் போனதே இல்லை. ஆனால் போகப்போக, காப்பி வரத் தாமதமாயிற்று. நின்று கேட்டவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவும் ஆரம்பித்தார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, வாசிப்பு உச்சத்தில் இருக்கும்போது கருப்பு கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஜாய்ஸ் பதறி நிறுத்தினாள்.

"அண்ணே! மாடு போகுது!"

நல்லகாமன் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த கொல்லையிலிருந்து சுருளி கத்தினார்: "யோவ் நல்லகாமா! ஒன் மாடு என் கரும்புல நிக்குதுய்யா!"

"திங்கட்டும்யா, எம்புட்டுத் திங்கப்போகுது!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, அவர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க முடிங்க டீச்சர்."

ஜாய்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும் வந்தது. ஊத மூச்சே பிடிபடவில்லை. சிரித்து ஓயும்வரை அவர் வாளியில் உட்கார்ந்தபடி காத்திருந்தார். அப்புறம் அவள் முடித்தாள்.