மினுக்குக் கார்டில் ஒரு கோடு

திரையில் அந்தக் கோட்டைக் கண்டதும் லவினா முதலில் தன் கண்ணைத்தான் நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். கோடு போகவில்லை. கிரிக்கெட் கார்டில் நின்ற பந்துவீச்சாளனின் தோளில் தொடங்கி, அவன் தலைக்குப் பின்னால் இருந்த மினுக்குத் தாளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கார்டின் ஓரம்வரை போயிருந்தது. தலைமயிர் அளவுதான். ஆனால் மினுக்குத் தாள் ஸ்கானில் கறுப்பாகத்தான் விழும். அந்தக் கறுப்பில் தலைமயிரும் சுண்ணக்கட்டிக் கோடாகத் தெரியும்.

“என்னக்கா அது?” மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தான் சுகிர்தன்.

“பொறுங்க தம்பி. பாக்கிறன்.”

“அந்த லைன் என்னண்டு கேக்கிறன். நான் தரேக்க அது இருக்கேல்ல.”

கடைச் சுவரில் மணி இரண்டு இருபது. ஆறு மணிக்கு இணையத்தில் கண்காட்சி திறக்கிறது. தீவு முழுக்க இருக்கும் கிரிக்கெட் கார்டு சேர்ப்பவர்கள் வருடத்தில் ஒரு தடவை ஆளுக்கு ஒரு கார்டு காட்டுவார்கள். சுகிர்தனுடைய கார்டு மொத்தமே இருபத்தைந்துதான் அச்சிட்டது. லண்டன் மாமா கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு கீறல்கூட இல்லாதது என்று ஒரு கிழமையாகக் கார்டு சேர்ப்பவர்களின் வட்ஸ்அப் குறூப்பில் சொல்லித் திரிந்திருந்தான்.

லவினாவுக்கு நாற்பத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கொன்வென்ற்றில் படித்து, இன்றைக்கும் அங்கேயே அக்கா மெற்றில்டாவோடு இருப்பவள். பத்தொன்பது வருடமாகக் காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் தில்லைநாதனின் கொமியுனிகேஷன் கடையைத் திறக்கிறாள். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், விசாவுக்கு அனுப்பும் பத்திரங்களை ஸ்கான் பண்ணுவது. வெள்ளவத்தையில் பாதி அவளுடைய ஸ்கானரில் குப்புறப் படுத்து எழும்பித்தான் வெளிநாடு போயிருக்கிறது. நீ ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டால், “எல்லாரும் போனா ஆர் ஸ்கான் பண்றது?” என்பாள்.

கார்டு வேலை வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். மட்டக்குளியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் அலவி ஒரு மினுக்குக் கார்டோடு வந்து நின்றான். ஸ்கான் பண்ணினாள்; சிலேட்டுப் பலகை மாதிரி வந்தது. “என்ன இது, எங்கட ஆளுக்குக் கரி பூசி ஈக்கி?” என்றான் அலவி. ‘இருக்கு’ என்பது அவன் வாயில் எப்போதும் ‘ஈக்கி’தான். போனில் எடுத்தாள். மினுக்கம் வந்தது. கூடவே ஜன்னல், டியூப் லைற், போன் பிடித்த அவள் கை எல்லாமே கார்டுக்குள் வந்து குந்திக்கொண்டன.

அவளுக்கு வீம்பு பிடித்துவிட்டது. ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே விட்டாள். கண்டுபிடித்தது இவ்வளவுதான்: ஸ்கானரின் வெளிச்சம் சரிவாக விழுந்து மற்றப் பக்கத்தால் தெறித்துப் போய்விடும். அதற்கு மினுக்கம் தெரியாது, கீறல் தெரியும். போனுக்கு மினுக்கம் தெரியும், கீறலை அது மினுக்கத்துக்குள் ஒளித்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். ஜன்னலுக்கு ட்ரேசிங் தாள் ஒட்டினாள். கறுப்பு அட்டையில் கமராக் கண்ணின் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குப் பின்னால் நின்று எடுத்தாள். போனும் கையும் மறைந்தன. கார்டு மட்டும் வர்ணம் வர்ணமாக வந்தது.

அதற்குப் பிறகு நுகேகொடையிலிருந்தும் கல்கிசையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படத்துக்குக் கீழே எடுத்தவரின் பெயரைப் போடுவது குறூப்பில் வழக்கம். “லவினா அக்காட்டக் குடுத்தாப் பயமில்ல” என்று ஒரு நாள் யாரோ எழுதியிருந்தார்கள். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தாள். மெற்றில்டாவுக்குக்கூடக் காட்டவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களின் பெயர்களைத்தான் ஸ்கான் பண்ணியிருக்கிறாள். தன் பெயரை யாரோ எழுதிக் கண்டது அதுதான் முதல் தடவை.

“அக்கா, நீங்க கதைக்காம நிண்டா எப்பிடி?” சுகிர்தனின் குரல் ஏறியது.

கடைக்கு அவள் வைத்திருந்த சட்டம் இரண்டு. கார்டு கைக்கு வந்ததும், வேறு எதுவும் செய்யமுன், ஜன்னலடியில் சரித்துப் பிடித்து ஒரு படம். பழைய கீறல் இருந்தால் அதில் பதிந்துவிடும். மற்றது, கார்டை ஸ்கானர்க் கண்ணாடியில் நேராக வைத்து நேராகத் தூக்குவது மட்டும்தான்; தள்ளுவது கிடையாது. இன்றைக்கு சுகிர்தன் ஒபிஸில் ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுக்கொண்டு வந்தவன், “கெதியாக்கா, கெதியா” என்று அவசரப்படுத்தித் தலைக்கு மேலே நின்றான். அவளும் நேராக ஒரு படம் மட்டும் எடுத்தாள்.

அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கினாள். தோளடியில் ஒரு வெள்ளைத் திட்டு. வெளிச்சம். கீறல் இருந்ததா இல்லையா என்று அதில் யாராலும் சொல்ல முடியாது. சுகிர்தன் தன் போனிலிருந்த படத்தைக் காட்டினான். பிளாஷ் போட்டு எடுத்தது. அதே இடத்தில் வெள்ளை நட்சத்திரம்.

உள்ளேயிருந்து தில்லைநாதன் வந்தார். “என்ன தம்பி, சத்தம் றோட்டுக்குக் கேக்குது?”

“அங்கிள், இவ கார்டைக் கீறிப்போட்டா.”

“அது முந்தியே இருந்திருக்கும். போன் படத்தில உதுகள் தெரியாது கண்டீரோ. பிள்ளை பத்தொன்பது வருசமா ஒரு கடுதாசி கசக்கினவள் இல்ல.”

“அப்ப நான் பொய் சொல்றனா? சரி. குறூப்பில எழுதுறன். நாளைக்கு ஒருத்தன் இந்தப் படி ஏறுறானா பாப்பம்.”

லவினா கணக்குப் பார்த்தாள். இவன் எழுதினால் ஐந்து நிமிடம். குறூப்பில் அவள் எடுத்த பெயர் போவதற்கு அது போதும்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிங்கள ஆள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, “நங்கி, கொப்பி தெகக்” என்று இரண்டு கொப்பி கேட்டு வந்து நின்றார். “பொட்டக் இன்ன அய்யே” என்று அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, கார்டைக் கையில் எடுத்தாள்.

“தம்பி, இஞ்ச பாருங்க. கார்டைத் தலைகீழாத் திருப்பி வைக்கிறன். கோடு திரையில நிண்ட இடத்திலயே நிண்டா அது கண்ணாடில இருக்கிற கீறல், உங்கட கார்டுக்கு ஒண்டுமில்ல. கார்டோட சேந்து திரும்பினா…”

முடிக்காமல் மூடியைச் சாத்தினாள். ஸ்கானர் கிர்ரென்று போய் வந்தது. மூன்று பேரும், கொப்பிக்கு வந்தவரும்கூட, திரையைப் பார்த்தார்கள்.

பந்துவீச்சாளன் தலைகீழாகத் தொங்கினான். கோடும் அவன் தோளோடு கீழே போயிருந்தது.

“பாத்தீங்களா!” என்றான் சுகிர்தன்.

லவினா வந்தவருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஸ்கானர் மூடியை முழுக்கத் தூக்கி, கண்ணாடி பிளாஸ்ரிக் சட்டத்தோடு சேரும் மூலையில் நகத்தை ஓட்டினாள். நகத்தில் நெருநெரு என்று ஏதோ பட்டது. விரலைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாக, மணல் மாதிரி இரண்டு பொடி.

வாணி விழா முடிந்து நாலு நாள். ஒவ்வொரு வருடமும் தில்லைநாதன் குளித்து, வேட்டி கட்டி வந்து, போட்டோக்கொப்பி மெஷினுக்கும் லமினேட்டருக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். லவினா மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி என்றாலும் அவல் கடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டுவாள். இந்த வருடம் ஸ்கானர் மூடியில் அவர் பொட்டு வைத்தபோது, “அண்ணை, உள்ளுக்கும் ஒண்டு வையுங்க. நுகேகொடை ஆக்கள இஞ்ச கூட்டிக்கொண்டு வாறது அதுதானே” என்று பகிடி விட்டாள். அவரும் சிரித்துக்கொண்டு மூடியைத் திறந்து, மூலையில் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் காலையில் அவள் ரிஷ்யூத் தாளால் துடைத்தாள். இடுக்கில் நின்றதைக் காணவில்லை. அது காய்ந்து பொருக்காகியிருந்தது. இன்றைக்கு அவசரத்தில் கார்டை மூலைக்குத் தள்ளியதும் அவள் கைதான்.

விரலை மடக்கிக்கொண்டாள். அந்தப் பொடியை அவளைத் தவிர ஒருவரும் காணவில்லை.

சுகிர்தன் கதிரையில் உட்கார்ந்து, தலையைக் கையால் தேய்த்தான். கோபம் இறங்கி, நேரம் நினைவுக்கு வந்திருந்தது. “சரியக்கா. ஸ்கானை விடுங்க. போனில மட்டும் எடுங்க. லைற்றை அந்தத் தோளில விழுத்துங்க. உங்களுக்கு அது தெரியும்தானே? ஒருத்தருக்கும் விளங்காது. நானும் ஒண்டும் எழுத மாட்டன்.”

“அதுதானே!” தில்லைநாதன் மூச்சு விட்டார். “எடு பிள்ளை. தம்பி நல்ல பிள்ளை.”

அவள் எடுக்கத்தான் போனாள். கார்டைத் தாங்கியில் வைத்து, கறுப்பு அட்டையைப் பிடித்து, ஓட்டையால் பார்த்தாள். கார்டை நூலளவு சரித்தாள். கோடு தெரிந்தது. இன்னும் நூலளவு. தோளிலிருந்து நீலமும் பச்சையும் பொங்கிவந்து கோட்டை மூடின. பொத்தானை அமத்தினாள்.

இரண்டு வருடத்தில் அவள் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். இதற்குக் கீழேயும் “படம்: லவினா” என்று வரும். அவளிடம் கொடுத்தால் பயமில்லை என்று எழுதியவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். ஒவ்வொரு மினுக்கத்துக்குக் கீழேயும் என்ன கிடக்கிறது என்று இனி அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

“தம்பி,” என்றாள். “கீறினது நான்தான்.”

விரலை விரித்துக் காட்டினாள். பொட்டு, இடுக்கு, தள்ளியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போது தில்லைநாதனைப் பார்க்கவில்லை. “அண்ணைட பிழை இல்ல. உள்ளுக்கு வைக்கச் சொன்னதும் நான், வடிவாத் துடைக்காததும் நான்.”

தில்லைநாதன் அவளுடைய விரலை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. “சந்தனமோ கீறினது? அது கல்லில அரைச்ச நல்ல சந்தனம் பிள்ளை.”

“கல்லில அரைச்சதாலதான் அண்ணை.”

சுகிர்தன் எழும்பிவிட்டான். “இப்ப ஏன் இதைச் சொல்றீங்க? நான்தான் விட்டுட்டனே! படமும் எடுத்தாச்சு!”

“படத்தைத் தாறன். உங்கட கார்டு, உங்கட விருப்பம். எந்தப் படத்தைப் போட்டாலும், கீறினது நான் எண்டு கீழ எழுதுவன்.”

“நீங்க எழுதினா நான் அந்தப் படத்தைப் போட்டு என்ன? என்னைத்தானே கள்ளன் எண்டுவாங்கள்!”

அவன் கார்டை உறையில் போட்டான். இரண்டு படங்களையும் அனுப்பச் சொன்னான். அவள் அனுப்பினாள். போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினான்.

தில்லைநாதன் உள்ளே போய், தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்தார். ஸ்கானருக்கு முன்னால் குனிந்து இடுக்கைத் துடைக்கத் தொடங்கினார். நாலரை ஆயிற்று, ஐந்தாயிற்று. யாரோ பெண் வந்து பிறப்புச் சாட்சிப் பத்திரம் லமினேட் பண்ணிக்கொண்டு போனாள். ஐந்தரைக்குப் பஞ்சைக் கூடைக்குள் போட்டுவிட்டு, “அடுத்த வருசம் மூடியில மட்டும் வைப்பம்” என்றார், சுவரைப் பார்த்து.

ஆறு மணிக்கு லவினா போனைத் திறந்தாள். சுகிர்தன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தான். ஒன்றில் மினுக்கம், ஒன்றில் கோடு. கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள்தான் எழுதினாள்: இந்தக் கீறல் இன்று எங்கள் கடையில், என் கையால் விழுந்தது. லவினா.

முதலில் வந்தது நுகேகொடைக்காரர் ஒருவரின் பதில். உங்களிடம் தந்த ஏழு கார்டையும் நாளை காலை வந்து எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். அதை இரண்டு தரம் வாசித்தாள். பெயர் போய்விட்டது என்று நினைத்தாள். அட்டையையும் தாங்கியையும் பைக்குள் வைத்துக் கட்டினாள்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது குரல் செய்தி ஒன்று வந்தது. அலவி. பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. “லவினாக்கா, பாத்தன் பாத்தன். அந்தப் பொடியன் முகத்தில இப்ப ஈ ஆடாது. எங்கிட்டப் புதுசா ரெண்டு மினுக்கி ஈக்கி. நாளைக்கு வந்தா ஈப்பீங்களா?”

கொட்டாஞ்சேனையால் போகும் மட்டக்குளி பஸ் வந்து நின்றது. ஏறாமல் ஓரமாக ஒதுங்கி, போனை வாயருகே பிடித்தாள்.

“வாங்க. ஆனா முதல்ல ஜன்னலடில சரிச்சு ஒரு படம் எடுப்பன். தலைக்கு மேல நிண்டு கெதி கெதி எண்டு சொல்லக்கூடா.”

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.