சாமியம்மாவின் முதல் டீ

நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய் இடிக்கும் வாசனை. துவர்ப்பாக, வறண்டு மூக்கில் ஏறும் அது எங்கே வந்தாலும், நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விடிகாலை டீக்கடை முன்னால் நிற்கிறேன்.

அங்கே ஒரு பெண் இருந்தாள். வயது நாற்பதோ ஐம்பதோ, அழுக்கு சொல்லவிடவில்லை. கழிப்பறைச் சுவரோரம் படுப்பாள். காலில் ஆறாத புண், ஈ மொய்க்கும். ஊருக்கு அவள் சாமியம்மா. டீக்கடைக்காரர் முதல் டீயை அவளுக்குக் கொடுத்துத்தான் போணி பண்ணுவார். அவள் குடித்தால் அன்றைக்கு வியாபாரம் ஓடும். அவள் வாயில் வருவதெல்லாம் குறி. "மழ வருது, கடுக்காய அள்ளு" என்பாள். கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். "மாட்ட அவுத்து வுடு" என்றதைக் கேட்டு ஒருவர் வந்த விலைக்கு மாட்டை விற்றார். காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தொட்ட காலில் இருந்த புண்ணைப் பார்க்கவில்லை. சாமிக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

ஒரு மழைக்காலம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குறியாகக் கேட்காமல் பேச்சாகக் கேட்டால், அது ஒரு வீடு. கடுக்காய் காயும் வாசல், தொழுவம், அடுப்பு. "தம்பி கைய சுட்டுக்கினான், கஞ்சிய ஆத்தி ஊட்டு." கல்வராயன் மலையில் எங்கோ அவள் தன் வேலைகளைச் செய்துகொண்டே இருந்தாள், உடம்பு மட்டும் இங்கே சுவரோரம் கிடந்தது. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். புண்ணையும் எழுதினேன். சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்தது. எழுத்து என்ன பெரிதாகச் செய்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

டீக்கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை. "சாமியப் போயி நோயாளின்னு எழுதிட்டீங்களே சார்" என்றார்.

பக்கத்தில் பூக்கட்டும் அக்கா நாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாமின்னா உன் வூட்டுல வெச்சுக் கும்புடுண்ணா. இன்னாத்துக்கு கக்கூஸ் செவுத்துல வெச்சிருக்கற?"

அன்றே அக்கா அந்தப் பக்கங்களைக் கிழித்து, மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டவைத்தாள். வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே, படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்களாம். ஒருநாள் தம்பி கை சுட்டுக்கொண்ட வரி வந்தபோது, கம்பியைப் பிடித்திருந்த ஒருவர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாராம். பிடித்திருந்த கையில் பழைய தீத்தழும்பு. எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் கீழே வந்து இறங்கினார், நரைத்த தலையோடு அந்தத் தம்பி.

ஆஸ்பத்திரி என்றாலே அவள் மிரண்டாள். பூக்கார அக்கா கடையை மூடிவிட்டு அவளோடு வார்டிலேயே கிடந்தாள். நீ யாரம்மா என்று நர்ஸ் கேட்டால், நாத்தனார் என்பாள். காலுக்குக் கட்டு, மனசுக்கு மாத்திரை. கலைந்த பேச்சு மெல்ல மெல்லக் கோத்துக்கொண்டது. டீக்கடைக்காரரும் ஒருநாள் தூக்குவாளியில் டீயோடு வந்து நின்றார். கட்டு மாற்றும்போது கண்ணைத் திருப்பாமல் அந்தப் புண்ணைப் பார்த்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டில் சடைவிழுந்த தலையோடு யாராவது வந்து உட்கார்ந்தால், ஊர் குறி கேட்பதில்லை. சாப்ட்டியா, எந்த ஊரு என்று கேட்கிறது. முதலில் கேட்பவர் டீக்கடைக்காரர். நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதை மலையேற்றியவள் பூக்கார அக்கா.

புண் ஆறி, சாமியம்மா தம்பியோடு ஊருக்குக் கிளம்பிய காலையில், தலையில் அக்கா வைத்த கனகாம்பரம். டீக்கடைக்காரர் பழக்கத்தில் முதல் தம்ளரை நீட்டி, போணி பண்ணிட்டுப் போம்மா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். பஸ் உறுமியது. படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"சர்க்கர கம்மிண்ணா. நாளையிலருந்து நீயே குடிச்சுப் பாத்துட்டு கடைய தொற."