தண்டபாணிக்கு வைத்த மணி

நர்மதாவை என் தம்பி கட்டிக்கொண்டு வந்தபோது, "கம்ப்யூட்டர் படிச்சவளாம், மீன் ஆயத் தெரியுமா?" என்று முதலில் நொட்டை சொன்னவள் நான்தான். யானைக்கவுனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவளுக்கு வேலை. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி.

தம்பி தண்டபாணி காசிமேட்டில் ஐஸ் கம்பெனி மெக்கானிக். நான் அங்கேயே ஐஸ் உடைக்கிறேன். ஐஸ் உறைய அம்மோனியா காஸ் வேண்டும். ஒருமுறை அந்தக் குழாய் விட்டுப்போய், அந்த நெடியில் தம்பிக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. பாவி, எதிரில் கருவாடு வறுத்தாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். அதனால் நர்மதா ஒரு பெட்டி செய்து மெஷின் ரூமுக்கு வெளியே மாட்டினாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ். ரூமுக்குள் காஸ் கசிந்தால் மணி அடிக்கும்.

2008இல் ஒருநாள் காலையில் கரண்டு போய் வந்ததும் பெட்டி எழுந்திருக்கவில்லை. நர்மதாவை வரவழைத்தோம். அவள் லேப்டாப்பை ஒயரில் மாட்டிப் பார்த்தாள். எழுத்து மளமளவென்று ஓடி, ஒரே இடத்தில் நின்றது.

"இன்னாடி ஆச்சு?"

"லினக்ஸ் பாதி எழுந்துக்குது அண்ணி. மீதி மெமரி கார்டுல கீது. அந்தக் கார்டு அதுக்குத் தெரியல."

தம்பிக்குப் பொறுமை ஏது? "மீன் போட்டுங்க வந்துகினு கீது. ஐஸ் இல்லன்னா கத்துவானுங்க. நீ பாரு, நான் காம்ப்ரசரப் போடறேன்."

"மணி இல்லாம போவாதடா!" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

நர்மதா கரண்டு அடாப்டரை மாற்றினாள். அதே இடத்தில் நின்றது. திரும்பவும் போட்டாள், திரும்பவும் நின்றது. கார்டைப் பிடுங்கினாள். விரலில் வழுக்கியது. கறுப்பாக கிரீஸ்.

"யாரு அண்ணி இதுல கிரீஸ் தடவனது?"

வேறு யார்? உப்புக்காற்றில் இரும்பைக் கண்டால் கிரீஸ் தடவுவது எங்கள் கடற்கரை வழக்கம். போட்டு இஞ்சினுக்குத் தடவுகிற மாதிரி, பெண்டாட்டி செய்த பெட்டி துருப்பிடிக்கக் கூடாது என்று, போன வாரம் ஆசையாகத் தடவியிருக்கிறான் புண்ணியவான்!

அவள் ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்து, கார்டு செருகும் இடத்து ஊசிகளைத் துடைத்தாள். பையில் அதே லினக்ஸ் போட்டு வைத்திருந்த வேறு கார்டைச் செருகினாள். எழுத்து ஓடியது, நின்ற இடத்தைத் தாண்டியது. "அப்பாடா!" என்றேன்.

அந்த நொடியே மணி அலறியது.

உள்ளேயிருந்து தம்பியின் குரல் கேட்டது. "சூப்பர் நர்மு! அடிக்குது! நிறுத்து, காது போவுது!"

டெஸ்ட்டிங் என்று நினைத்துவிட்டான் மடையன்.

"நான் அடிக்கலய்யா! வெளிய வா!" என்று நர்மதா கத்தினாள். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஐஸ் தண்ணீரில் துண்டை முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். நெடி என் கண்ணைப் பிடுங்கியது. ஐயோ, இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். சட்டைக் காலரைப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் இருமி, கண்ணில் நீர் கொட்ட, "இன்னா, இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இன்றும் மாதம் ஒருமுறை மணியைச் சோதிக்கிறாள். முதலில் அவனை வெளியே அழைத்து வந்து, கையைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம்தான் பொத்தானை அழுத்துவாள். மணி நின்ற பிறகும் அந்தக் கையை விடமாட்டாள்.