முப்பத்தோரு மணி நேர நாள்

நாத்தனாரைப் புகழ்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இருந்த புகழையெல்லாம் மாமியாரே மகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவரின் தங்கை ஏழாம் வகுப்புக்கு நல்லொழுக்கமும் உடல்நலமும் சொல்லிக்கொடுப்பவள். கைப்பையில் எந்நேரமும் நகவெட்டி இருக்கும்; அதனால் பிள்ளைகளுக்கு அவள் 'நகவெட்டி டீச்சர்'. அவள் வராந்தாவில் நடந்தால் பள்ளிக்கூடத்துப் பூனைகூட நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம்பாதவர்கள் பூனையைக் கேட்கலாம்.

வாரத்துக்கு இரண்டே பீரியட். அதற்கும் கண்டம் வந்தது. பரீட்சையில்லாத பாடத்துக்கு எதற்கு இரண்டு பீரியட் என்று கணக்கு சார் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். கல்வி அதிகாரி வரும் நாளில் ஏதாவது பலனைக் காட்டினால் பீரியட் தங்கும், இல்லாவிட்டால் இரண்டும் கணக்குக்கு என்று முடிவானது.

இவள் ஆளுக்கொரு அட்டவணை கொடுத்தாள். தூங்கிய நேரம், படித்த நேரம், விளையாடிய நேரம், போன் பார்த்த நேரம், குடித்த தண்ணீர், காலைச் சாப்பாடு. நல்ல பழக்கத்துக்கு மார்க் உண்டு என்றும் சொல்லிவைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டுப் பேரும் முனிவர்களாகிவிட்டார்கள். ஒருத்தி குடித்ததாக எழுதிய தண்ணீருக்கு ஏரி ஒன்று வற்றியிருக்க வேண்டும். ஒருவனின் நேரங்களைக் கூட்டினால் ஒரு நாளுக்கு முப்பத்தோரு மணி நேரம் வந்தது.

"ஏன்டா, உனக்கு மட்டும் சூரியன் லேட்டா மறையுதா?" என்று கேட்டாள்.

அவன் நெளிந்தான். பக்கத்து பெஞ்சிலிருந்து இரட்டைச்சடைக்காரி பதில் சொன்னாள்: "உண்மைய எழுதினா மார்க் போயிடுமே, டீச்சர்."

அன்று மாலை நாத்தனார் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, பொய்க்கு நானே மார்க் போட்டிருக்கேன்."

"போட்டதுதான் போட்ட. அதையே அதிகாரிகிட்ட காட்டி பீரியடக் காப்பாத்திக்கோ."

"நீங்க சொல்றதுக்கு நேர்மாறா செஞ்சா நல்லா வரும். இருபது வருஷமா பாத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் மார்க்கை எடுத்துவிட்டாள். பெயரும் எழுத வேண்டாம் என்றாள். முதலில் தன் கணக்கைப் பலகையில் எழுதினாள்: தூக்கம் ஐந்து மணி நேரம், டீ ஏழு, உடற்பயிற்சி பஸ்ஸைத் துரத்தியது.

"ஏழு டீயா?" வகுப்பே சிரித்தது.

"எட்டு. ஒண்ணு எங்க அண்ணி வீட்டுல."

அதன்பிறகு பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். வந்த தாள்களில் பதினேழு பேருக்குக் காலைச் சாப்பாடு இல்லை. சிலருடைய அம்மா அப்பா விடிவதற்குள் வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு எழுந்ததும் பஸ்ஸைப் பிடிக்கத்தான் நேரம். பதினொரு பேர் தலையணைக்கடியில் போன்.

அதிகாரி வந்த அன்று சுவரில் அந்தத் தாள்களையே ஒட்டினாள். தலைமையாசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார். "ரெண்டு வாரப் பாடத்துக்கு முன்னேற்றமே தெரியலையே, டீச்சர்," என்றார்.

"இதுக்கு முன்னால தெரிஞ்ச முன்னேற்றமெல்லாம் பொய் சார். என் தப்பு. இனிமேதான் ஆரம்பிக்கணும்."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து உத்தரவு வந்தது: ஒன்று இவளுக்கு, ஒன்று கணக்குக்கு.

"பாதி போச்சே. நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்ல?" என்று குத்திப் பார்த்தேன்.

"கணக்கு சார் சுவர்ல இருந்தத நின்னு படிச்சார், அண்ணி. முதல் பீரியட்ல தூங்கி வழியுறதுங்கள இத்தன நாளா சோம்பேறின்னு திட்டிட்டேனேன்னார். இப்போ வாங்கின பீரியட்ல முதல் கால் மணி நேரம் டிபன் டப்பாவத் திறக்கச் சொல்றாராம். கொண்டு வராததுங்களுக்குப் பக்கத்துல இருக்கிறவங்க பங்கு தரணுமாம்."

"அப்போ கணக்கு?"

"மீதி அரை மணிக்கு முழிச்சிருக்குதுங்களாம். அது போதும்னார்."

நான் பேச்சை மாற்றி, டீ வேண்டுமா என்று கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள்.