ஒற்றைச் செருப்பு

இன்று மதியம் அத்தானோடு பொழியூர் கடலுக்குப் போனேன். அக்காவின் கணவர், ஆரியங்கோட்டுக்காரர். நெய்யாற்றில் நீந்தியே வளர்ந்தவர்.

கரை நெடுக அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் கிடந்தது.

"அங்ஙன பாரு மக்கா, நம்ம ஆறு மாதிரியாக்கும். அதுல இறங்குவோம்."

சட்டைப் பொத்தானை அவிழ்த்து, செருப்பைக் கழற்றினார். ஒன்றை நுரை இழுத்துக்கொண்டது. கரைக்கு வரும் என்று நின்றோம். அது அந்த அமைதியான இடத்துக்குள் புகுந்து நேராக நடுக்கடலுக்கு ஓடியது. புள்ளியானது. பிறகு அதுவும் இல்லை.

அத்தான் சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டார். மிஞ்சிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

இப்போது அக்கா வாசலில் நின்று கேட்கிறாள்: "எலே, மத்தது எங்க?"

அத்தான் என்னைப் பார்க்கிறார்.

நீங்களென்றால் என்ன சொல்வீர்கள்?